பொருள்: இந்தப் பீடத்துக்குத் தமிழில் என்ன பெயர்? வெள்ளிக்கு முன் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:
எல்லோருக்கும் வணக்கம். பம்பலப்பிட்டியில் நடக்கவிருக்கும் உயர்கல்விக் கண்காட்சிக்கு ஒரு துண்டுப்பிரசுரம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் கல்லூரி. ஹெல்த், ஸ்போர்ட், ஹியூமன் பெர்ஃபோமன்ஸ் மூன்றும் சேர்ந்தது. சிங்களப் பிரதி அச்சுக்குப் போய்விட்டது. நான் எழுதியது: "சுகாதார, விளையாட்டு மற்றும் மனித செயலாற்றுகைக் கல்லூரி". வாயில் நுழையவில்லை, பதாகையிலும் ஒரு வரியில் அடங்கவில்லை.

உடற்கல்வி ஆசிரியர், கொட்டாஞ்சேனை:
தங்கச்சி, முதலில் "கல்லூரி"யை எடுத்துவிடுங்கள். இங்கே கல்லூரி என்றால் பாடசாலை; ஆறாம் தரத்துக்கு அனுமதி கேட்டு வருவார்கள். பல்கலைக்கழகத்துக்குள் இருப்பது பீடம். சாதாரண தரத்தில் "சுகாதாரமும் உடற்கல்வியும்" பாடம்தான், ஆனாலும் வெளியே சுகாதாரம் என்றால் டெங்குக் குடம்பி தேடி வருகிற பரிசோதகர்தான் ஞாபகம் வருகிறார். "நலம்" போதும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், தெஹிவளை:
"உம்" என்கிற உம்மை இருக்க "மற்றும்" எதற்கு? விளையாட்டுக்கும் பழஞ்சொல் உண்டு. உரியியலில் "கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு" என்கிறார் தொல்காப்பியர். கெடவரல் இனி எழும்பாது. பண்ணையை ஏன் விட வேண்டும்?

ஆசிரியர்:
ஐயா, கோழி வளர்க்கவா?

விரிவுரையாளர்:
சிரிக்கலாம். கூடி ஆடியது முதலில் பண்ணை. கூடிய கூட்டம் பிறகு பண்ணை. கூடி உழுத வயல் கடைசியில்தான் பண்ணை என்பது என் துணிபு. பண்ணுதலும் இசைப் பண்ணும் ஒரே வேராக இருக்கலாம். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் பற்றித் தனியே எழுதுகிறேன்.

கோட்டையில் வேலை செய்பவர்:
அதற்குள் வெள்ளி போய்விடும். பெர்ஃபோமன்ஸுக்கு மத்திய வங்கி "வெளிநாட்டுத்துறைச் செயலாற்றம்" என்று எழுதுகிறதே. ஏற்றுமதிக்குப் பொருந்துகிற சொல் ஓட்டக்காரருக்குப் பொருந்தாதா? "ஆற்றுகை" மட்டும் வேண்டாம், அது நாடகக்காரரின் சொத்து. "வினைத்திறன்" என்றால் அரச ஊழியருக்குத் தடைதாண்டல் பரீட்சை கண்முன் வரும்.

ஆசிரியர்:
பெர்ஃபோமன்ஸ் என்று எதை அளக்கிறார்கள் என்று பார்ப்போம். முகமூடி மாட்டி ஓடவிட்டு, ஒரு கிலோ நிறைக்கு நிமிடத்தில் எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசன் உள்ளே போகிறது என்று பார்க்கிறார்கள். வீரருக்கு மட்டுமில்லை, வயதானவர் 30 விநாடியில் கதிரையை விட்டு எத்தனை தரம் எழும்பி இருக்கிறார் என்பதும் இதே கணக்குத்தான். அப்போ "உடற்திறன்" போடலாமே, எந்தத் தாய்க்கும் விளங்கும்.

விரிவுரையாளர்:
உடற்றிறன். லகரம் தகரத்தோடு புணர்ந்தால் இரண்டும் றகரம்.

ஆசிரியர்:
அப்படி எழுதினால் எந்தத் தாய்க்கும் விளங்காது.

மொழிபெயர்ப்பாளர்:
சேர், "உடல்" என்றால் குறுகிவிடும். இவர்களிடம் விளையாட்டு உளவியலும் இருக்கிறது. புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் இதே வகைக் கல்லூரியில் சுற்றுலாத்துறைகூட உண்டு.

விரிவுரையாளர்:
மனமும் வேண்டுமென்றால் வள்ளுவர் தந்திருக்கிறார்: "வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்".

கோட்டையில் வேலை செய்பவர்:
அடுத்த அடியே "மற்றைய எல்லாம் பிற". உடம்பைத் தூக்கி வெளியே போட்டாயிற்று ஐயா. "மனித"வையாவது விடலாமா? நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்கா பீடம் வைக்கிறார்கள்?

மொழிபெயர்ப்பாளர்:
வாடிக்கையாளர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல் கேட்கிறார், விட முடியாது. "நலம், விளையாட்டு, மனித செயலாற்றுகைப் பீடம்" என்று அனுப்பிவிட்டேன். மூன்று பேர் சரி என்றீர்கள், நன்றி.

ஆசிரியர்:
நான் சரி என்று சொல்லவில்லை. கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவேன், அங்கே உடற்திறன் பீடம் என்றுதான் காட்டுவேன்.

விரிவுரையாளர்:
மனிதச் செயலாற்றுகை. ஒற்று எங்கே?