கான்சென்டஸ் மூசிக்கஸ்: மீட்டது பழைய ஒலியையா, படைத்தது புது ரசனையையா?

தேன்மொழி:
பரோக் இசையை, அதாவது சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசையை, அந்தக் காலத்து வாத்தியங்களில் வாசிப்பது வெறும் மோகம் என்று சேரன் போன வாரம் இங்கே எழுதியிருந்தார். என்னால் அதை அப்படியே விட முடியவில்லை. வியன்னாவின் கான்சென்டஸ் மூசிக்கஸ் குழு எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1953-இல் நிக்கோலஸ் ஆர்னோன்கூரும் அவர் மனைவி ஆலிஸும் தொடங்கிய குழு அது. ஆர்னோன்கூருக்கு அப்போது வியன்னா சிம்பொனி இசைக்குழுவில் செல்லோ வாசிக்கும் வேலை. பிழைப்பு அங்கே, தேடல் வீட்டில். முதல் பொதுக் கச்சேரி 1957-இல்தான், ஷ்வார்ட்சன்பெர்க் அரண்மனையில். நான்கு ஆண்டுகள் பயிற்சி மட்டுமே! விலங்குக் குடலில் செய்த தந்தி, பழைய வில், வால்வு இல்லாத டிரம்பெட் எல்லாவற்றையும் முன்னோடி யாரும் இல்லாமல் தாங்களே கற்றார்கள். மோகத்துக்கு யார் இவ்வளவு பாடுபடுவார்கள்?

சேரன்:
உழைப்பை நான் குறை சொல்லவில்லை. "தொலைந்த ஒலியை மீட்டார்கள்" என்ற பேச்சைத்தான் ஏற்க முடியவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் ஒலிப்பதிவு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. எதோடு ஒப்பிட்டு மீட்டார்கள்? இந்த வாசிப்பு முறை உண்மையில் 20-ஆம் நூற்றாண்டின் ரசனை என்று இசை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் டாரஸ்கின் வாதாடினார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அப்புறம், பரோக்கைச் சாதாரண ரசிகர்களிடம் கொண்டுபோனதில் இ மூசிசி குழுவின் பங்கு சின்னதா? ரோமில் 1951-இல் சான்டா செசிலியா இசைக் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. நவீன வயலின்களில் பரோக் இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' தொகுப்பை 1955-இலேயே பதிவு செய்தவர்கள். என் அப்பாவிடம் இருந்த ஒரே மேற்கத்திய இசைத்தட்டு இ மூசிசி வாசித்ததுதான். அந்த வயலின்களின் இனிமை இல்லாமல் நான் இந்த இசைக்குள் வந்திருக்கவே மாட்டேன்.

இளங்கோ:
ஒரு திருத்தம். முன்னோடி யாரும் இல்லை என்பது சரியில்லை, தேன்மொழி. பாசல் நகரில் பால் சாஹர் 1933-இலேயே பழைய இசைக்கென்று ஸ்கோலா கான்டோரம் பள்ளியைத் தொடங்கிவிட்டார். இங்கிலாந்தில் ஆர்னால்ட் டோல்மெட்ச் 1925-இல் ஹாசல்மியரில் பழைய இசைக்கென்று விழாவே தொடங்கினார்.

தேன்மொழி:
ஒப்புக்கொள்கிறேன் இளங்கோ சார், அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

சேரன், ரசனையை ஒரு பக்கம் வைப்போம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இரண்டாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவில் (தனி வாத்தியங்களும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) டிரம்பெட், ஓபோ என்ற துளைக்கருவி, வயலின், ரெக்கார்டர் நான்கும் சமமாகப் பேச வேண்டும். நவீன டிரம்பெட் பக்கத்தில் ரெக்கார்டர் என்ற அந்த மரக்குழல் என்ன செய்யும்? மூழ்கிப்போகும். கான்சென்டஸ் 1964-இல் பதிவு செய்ததில் குழல் கேட்கிறது, டிரம்பெட் அதை மிதிக்கவில்லை. பாக் ஏன் இந்த நான்கையும் சேர்த்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வாத்தியங்களின் பலத்துக்கு ஏற்ற எழுத்து அது.

1971 முதல் 1989 வரை டச்சு இசைக்கலைஞர் குஸ்தாவ் லியோன்ஹார்ட்டோடு வேலையைப் பகிர்ந்துகொண்டு பாக்கின் திருச்சபைக் கான்டாட்டாக்களை (வாத்தியங்களோடு பாடும் வழிபாட்டுப் படைப்புகளை) பதிவு செய்தார்கள். ஏறக்குறைய 200 படைப்புகள்! இசைத்தட்டுப் பெட்டியிலேயே முழு இசைக்குறிப்பையும் வைத்துக் கொடுத்தார்கள். கேட்பவரும் படித்துச் சரிபார்க்கட்டும் என்பதுபோல. ஆர்னோன்கூர், லியோன்ஹார்ட் இருவருக்கும் 1980-இல் எராஸ்மஸ் பரிசு கிடைத்தது.

சேரன்:
அந்தத் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். பாக்கின் லைப்சிக் தேவாலயத்தில் பெண்கள் பாடவில்லை என்பதால் சொப்ரானோ என்ற உச்சக் குரல் பகுதிகளைச் சிறுவர்களுக்குக் கொடுத்தார்கள். பல இடங்களில் அந்தப் பிள்ளைகள் மூச்சுக்குத் திணறுவது கேட்கிறது. எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கடினமான 51-ஆவது கான்டாட்டா வந்தபோது லியோன்ஹார்ட், மரியான் குவெக்சில்பர் என்ற பாடகியைத்தான் பாட வைத்தார். வரலாறுதான் அளவுகோல் என்றால் அங்கே மட்டும் ஏன் தளர்ந்தது?

தேன்மொழி:
இசைக்கு அது தேவைப்பட்டது, அதனால் தளர்ந்தது. அதை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. அருங்காட்சியகம் நடத்துவது தன் நோக்கமில்லை என்று ஆர்னோன்கூரே சொல்லிவந்தார். சிறுவர்கள் திணறுவது உண்மைதான். ஆனால் சில ஏரியாக்களில் (தனிக்குரல் பாடல்களில்) அந்தக் குரலின் கூச்சம் வார்த்தைகளோடு பொருந்தி வரும்போது எனக்குக் கண் கலங்கியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அந்த 1964 பதிவின் முதல் பகுதியை ரெக்கார்டரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

சேரன்:
நேற்று இரவு இரண்டு தடவை கேட்டேன். குழல் கேட்கிறது, கடைசிவரை கேட்கிறது. மோகம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். "மீட்டார்கள்" என்ற சொல்லை இன்னும் ஏற்கவில்லை. அடுத்து எந்தப் பதிவைக் கேட்கலாம், சொல்லுங்கள்.