ரிப்பீட்டரின் வால்வு ஆம்ப்ளிஃபயர்: பழுது பார்ப்பதா, கழற்றி வைப்பதா?

சாலிடர்கோல்:
எங்கள் அமெச்சூர் வானொலிக் குழுவின் 2 மீட்டர் ரிப்பீட்டரின் (வரும் அலையை ஏற்று, வலுக்கூட்டி மறுபடி அனுப்பும் நிலையம்) இறுதிப் பெருக்கி நிலையில் ஒற்றை 4சிஎக்ஸ்250பி வால்வு (வெற்றிடக் குழாய்). தொடக்கத்தில் 300 வாட் தருகிறது. யாராவது பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் 120க்கு இறங்கிவிடுகிறது. ஓய்வு கொடுத்தால் மீள்கிறது. குழுவில் பாதிப்பேர் கழற்றிவிடச் சொல்கிறார்கள். நான் பழுது பார்க்கவே விரும்புகிறேன்.

சிலிக்கான்:
கழற்றுங்கள். வீட்டு நிலையம் என்றால் பக்கத்தில் ஆள் இருப்பார். ரிப்பீட்டர் ஆளில்லாத இடத்தில் இரவும் பகலும் நிற்கிறது. வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டர் 30 விநாடியாவது சூடேறாமல் உயர் மின்னழுத்தம் கொடுக்கக் கூடாது என்பதால், அதை எப்போதும் எரியவிட்டுத்தான் ஆக வேண்டும். 6 வோல்ட், 2.6 ஆம்பியர், நாள் முழுவதும். வெறும் ஹீட்டர் எரிந்தாலும் காற்று வீச வேண்டும். ஊதுவிசிறி நின்றால் வால்வு போயிற்று. எல்டிமாஸ் என்ற உயர்திறன் டிரான்சிஸ்டர் 50 வோல்ட்டில் இதே வேலையைச் செய்யும்.

முதியவால்வு:
ஆன்டெனா இணைப்பில் நீர் புகுந்த இரவில் உங்கள் டிரான்சிஸ்டர் என்ன ஆகும்? ஆன்டெனாவிலிருந்து திரும்பிவரும் எதிரலையை வால்வு தாங்கி நிற்கும்.

சிலிக்கான்:
பழைய கதை ஐயா. 65:1 எதிரலை விகிதத்தையும், அதாவது ஏறத்தாழ முழு அலையும் திரும்பிவரும் நிலையையும், தாங்கும் என்று தரவுத்தாளிலேயே இருக்கிறது.

முதியவால்வு:
அதே தாளில் சோதனை நிலையையும் படியுங்கள்: 100 மைக்ரோவிநாடித் துடிப்புகள். ரிப்பீட்டர் அனுப்புவது இடைவிடாத எஃப்எம் அலை. இரண்டும் ஒன்றல்ல.

சாலிடர்கோல், வால்வு வாங்க ஓடாதீர்கள். சூடேறச் சூடேறத் திறன் குறைகிறது என்றால் காற்றையும் தொடுமுனைகளையும் முதலில் சந்தேகியுங்கள். ஹீட்டர் மின்னழுத்தத்தை டிரான்ஸ்ஃபார்மரில் அல்ல, சாக்கெட் முனையிலேயே அளக்க வேண்டும். அதற்கு முன் உயர் மின்னழுத்தத்தை அணைத்து, மின்தேக்கிகளைக் காப்பிட்ட கோலால் தரையோடு இணையுங்கள். மின்தேக்கியில் மிஞ்சியதை வடிக்கும் பிளீடர் மின்தடை வேலை செய்திருக்கும் என்று நம்பிக் கை வைக்காதீர்கள். அது அறுந்திருந்தால் உள்ளே 2000 வோல்ட் அப்படியே காத்திருக்கும். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

கேட்கும்செவி:
இருவரும் கேட்க மறந்ததை நான் கேட்கிறேன். 300 வாட் எதற்கு? உங்களை அழைப்பவர் கையில் 5 வாட் கருவி. அவர் உங்களைக் கேட்கிறார், நீங்கள் அவரைக் கேட்பதில்லை. 300 வாட்டை 30 ஆக்கினால் இழப்பது 10 டெசிபெல்தான். ஏற்புக்கும் அனுப்புக்கும் இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். திறனைக் கூட்டக் கூட்ட, அனுப்பும் அலை ஏற்பிக்குள் புகாமல் பிரிக்கும் வடிகட்டியான டியூப்ளெக்ஸர் தடுக்க வேண்டியதும் கூடுகிறது.

சாலிடர்கோல்:
அளந்துவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மரில் 6.0 வோல்ட், சாக்கெட்டில் 5.2. முனை ஒன்று கறுத்துப்போய், இணைப்பு தளர்ந்திருந்தது. அந்த ஓரிடத்திலேயே ஏறத்தாழ 2 வாட் வெப்பமாகியிருக்கிறது. சூடு ஏறியதும் இணைப்பு இன்னும் மோசமாகியிருக்க வேண்டும். புதிய முனை போட்டேன். காற்று வடிகட்டியையும் மாற்றினேன், தூசி அடைத்துக்கிடந்தது. இப்போது அரை மணி நேரத்துக்குப் பிறகும் 260 வாட் நிற்கிறது.

சிலிக்கான்:
முயற்சிக்குப் பாராட்டு. ஆனால் 300 திரும்பவில்லையே? ஹீட்டர் மின்னழுத்தம் குறைந்ததால் போதிய சூடில்லாத கேத்தோடிலிருந்து (எலக்ட்ரான் உமிழும் பகுதி) முழு மின்னோட்டத்தை இத்தனை காலம் இழுத்திருக்கிறீர்கள். அதன் ஆக்சைடு பூச்சு இதைப் பொறுக்காது. ஹீட்டரைச் சற்றே குறைத்துப் பாருங்கள். திறன் உடனே சரிந்தால் வால்வின் ஆயுள் முடிகிறது என்று பொருள்.

முதியவால்வு:
அந்தச் சோதனையை நானும் ஏற்கிறேன். முடிந்திருந்தால் வால்வை மாற்றலாம், ஆம்ப்ளிஃபயரை அல்ல.

சாலிடர்கோல்:
ஞாயிறன்று செய்கிறேன். கூடவே ஒரு காற்றழுத்த சுவிட்ச் வைக்கப்போகிறேன். விசிறி நின்றால் உயர் மின்னழுத்தமும் ஹீட்டரும் அணையும். ரிலே மாறி, வால்வுக்கு முந்தைய இயக்கி நிலையின் 10 வாட் நேராக டியூப்ளெக்ஸருக்குப் போகும்.

கேட்கும்செவி:
அந்த ரிலேயை ஒரு வாரம் 10 வாட் பக்கமே விட்டுவையுங்கள். யார் குறை சொல்கிறார்கள் என்று எழுதிவைத்து இங்கே சொல்லுங்கள்.