ஓடியவர்கள் எழுத வந்தால்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மூன்றாம் தடம்:

நெடுந்தூர ஓட்டத்தில் பெயர் வாங்கிவிட்டுப் பிறகு விளையாட்டு நிருபரானவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒருவரிடம் நான் சிக்கிய கதை இது. காலம் எவ்வளவோ போய்விட்டது, உறுத்தல் மட்டும் போகவில்லை.

10,000 மீட்டர் இறுதிப் போட்டி. நான்காவதாக வந்தேன். அதுவரை நான் ஓடியதிலேயே அதுதான் நல்ல நேரம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிருபர்கள் நிற்கும் தடுப்பு வேலிப் பக்கம் வந்தால் வழக்கமான கேள்விகள். நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன்: எதிர்க்காற்று, கால் கனத்துவிட்டது. ஓரத்தில் ஒல்லியாக அவர் நின்றிருந்தார். கையில் ஸ்டாப் வாட்ச், குறிப்பேடு மூடியே இருந்தது. "பதினேழாவது சுற்றில் முன்னால் போன மூவருக்கும் உங்களுக்கும் நாலு மீட்டர்தான். கால் நன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அப்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்களே, யாரைப் பார்த்தீர்கள்?" என்றார்.

யாரையும் இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் செய்தியில் என்னைப் பற்றி ஒரே வரி: "நான்காவதாக வந்தவர் 17ஆவது சுற்றில் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார்." அவ்வளவுதான். காற்றைப் பற்றி ஒரு சொல் கிடையாது, என் நேரத்தைப் பற்றியும் கிடையாது. ஓடாதவர்கள் அந்த வரியைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஓடுகிறவர்கள் ஒருவர் விடாமல் கவனித்தார்கள். பயிற்சிக்குப் போன இடமெல்லாம் "யாரைப் பார்த்தாய்?" என்பதே பேச்சு. திட்டி எழுதியிருந்தால் மறுப்பாவது எழுதியிருப்பேன். இதற்கு என்னவென்று மறுப்பது? ஓடியவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒன்றை எடுத்து ஊருக்கே காட்டுவது நியாயமா?

ராப்பணி:

இந்த ஆட்களின் ஆரம்ப நாட்களை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். இரவுப் பதிப்பு. ஓட்டம் முடிந்த கால் மணி நேரத்தில் முந்நூறு சொற்கள் வேண்டும். புதிதாகச் சேர்ந்திருந்த முன்னாள் ஓட்டக்காரர் அனுப்பிய முதல் செய்தியில் இருபத்தைந்து சுற்றுகளும் இருந்தன. வென்றவர் பெயர் ஐந்தாவது பத்தியில் வந்தது! வெட்டித் தள்ளி அச்சுக்கு அனுப்பினேன்.

மறுநாள் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு தாளை மேசைமேல் வைத்தார். பென்சிலில் எழுதிய சுற்று நேரங்கள், நொடிக் கணக்கில், மேலிருந்து கீழாக: 66, 66, 67, 66, 70, 61. விரல் 61இல் நிற்கும் என்று நினைத்தேன், 70இல் நின்றது. "ஆட்டம் இங்கேதான் முடிந்தது. முன்னால் போனவர் வேண்டுமென்றே தளர்ந்தார். பின்னால் வந்தவர்கள் நெருங்கிவந்து மூச்சு வாங்கிக்கொண்டார்கள், நிம்மதியானார்கள். நிம்மதியான காலை மறுபடி வேகத்துக்குத் திருப்புவது லேசில்லை. 61 என்பது அதன் பலன்தான்" என்றார்.

நான் எத்தனையோ பந்தயங்களுக்குத் தலைப்பு வைத்தவன். எல்லாவற்றிலும் 'கடைசி நேர வேகத்தால் வென்றார்' என்றே எழுதியிருக்கிறோம். அதன் பிறகு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வென்றவர் பெயர் முதல் வரி, அந்த 70 இரண்டாம் வரி. மற்ற இருபத்து நான்கையும் அவர் தன் குறிப்பேட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வெறும் வாசகி:

மூன்றாம் தடம் ஐயா, உங்கள் கோபம் புரிகிறது, ஒப்புக்கொள்ள முடியவில்லை. அரங்கத்தில் ஆயிரம் பேர் முன்னிலையில் திரும்பிப் பார்த்தது ரகசியமா? அவர் பார்த்ததை எழுதினார். காரணத்தைக்கூடத் தானாக ஊகித்து எழுதவில்லையே.

என் அனுபவம் சிறியது. ஒரு மாரத்தானில் 35ஆவது கிலோமீட்டர் நீர் மேசையில் தன்னார்வலராக நின்றேன். முன்னணி ஓட்டக்காரர்களின் சொந்தப் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தோம். முன்னணிக் கூட்டம் சட்டென்று கடந்து போய்விட்டது. நிருபர்கள் எல்லோரும் வண்டியில் பின்தொடர, ஒருவர் மட்டும் மேசையருகே இறங்கிக்கொண்டார். அலுவலகத்துக்குப் போடும் தோல் செருப்பு போட்டிருந்தார். தரையில் உருண்டு கிடந்த ஒரு பாட்டிலை எடுத்துக் கையிலேயே எடை பார்த்தார். மூடி திறக்கப்படவே இல்லை, நிறைந்திருந்தது. "இது கைநழுவி விழுந்ததா, எடுக்காமலே போனாரா?" என்றார். நழுவியது, இரண்டு விரல் பட்டது என்றேன். எழுதிக்கொண்டு, அந்தச் செருப்போடு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியே போனார்! நான் அவ்வளவு அழகான ஓட்டத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. முன்னணியில் வந்தவர் 39இல் நடக்கத் தொடங்கினார் என்று தொலைக்காட்சி சொன்னது. ஏன் என்று எழுதியவர் இவர் ஒருவர்தான்.

அமெரிக்க ஓட்டக்காரர் கென்னி மூரையும் சொல்லியாக வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் மூர் நான்காவது. அவருக்கு முன்னால் சுமார் அரை நிமிட வித்தியாசத்தில் வெண்கலத்தை எடுத்துக்கொண்டு போனவர் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே, 1968 மெக்ஸிகோவில் தங்கம் வென்றவர். மூர் பிறகு ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் நெடுங்காலம் எழுதினார். தொண்ணூறுகளில் வோல்டே விசாரணை முடியாமல் சிறையில் வருடக்கணக்கில் கிடந்தபோது, எத்தியோப்பியாவுக்கே போய் அவரைப் பற்றி எழுதியது இந்த மூர்தான். தன்னைப் பதக்கத்திலிருந்து தள்ளிய மனிதருக்காக! வோல்டே 2002இல் வெளியே வந்தார், அதே ஆண்டு இறந்துபோனார். நான்காவதாக வருவது என்றால் என்ன என்று எழுதுகிறவருக்கும் தெரியும், ஐயா.

பழைய பயிற்சியாளர்:

என் கதை இரண்டு வரி. என்னிடம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குக் குதிகால் நரம்பு போய்விட்டது. "சார், பத்திரிகையில் சேரட்டுமா?" என்று கேட்டான். கையில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டுதான் கேட்டான். சேர்ந்தான், நன்றாகவும் எழுதுகிறான்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலில், ஓடுகிற காலத்திலேயே எழுதத் தொடங்குங்கள். பயிற்சி நாட்குறிப்பில் தூரமும் நேரமும் மட்டும் எழுதாமல், பக்கத்தில் ஓடியவன் எப்படி ஓடினான் என்றும் எழுதுங்கள். 'நான் ஓடிய காலத்தில்' என்று தொடங்கும் கட்டுரையை வருடத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசகர் இன்று ஓடுகிறவனைப் பற்றிப் படிக்க வந்திருக்கிறார். ஷூ நிறுவனம் இலவசமாக அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள், அல்லது ஷூவைப் பற்றி எழுதாதீர்கள். விதிகளை அன்றாடம் படியுங்கள். நீங்கள் ஓடிய காலத்து விதி இன்று இல்லை. ஷூ அடிப்பாகத்தின் தடிமன் சாலை ஓட்டத்துக்கு 40 மில்லிமீட்டர்வரை போகலாம், டிராக்கில் 2024 நவம்பரிலிருந்து 20தான். குறித்த வேகத்தைக் காட்டித் தடத்தின் உள்விளிம்பில் ஓடுகிற விளக்கு வந்துவிட்டதால், முன்னால் ஓடி வேகம் அமைத்துக் கொடுக்கும் பேஸ்மேக்கரின் வேலையே மாறிவிட்டது. அது தெரியாமல் பழைய சாதனையையும் புதிய சாதனையையும் ஒப்பிட்டால் பள்ளிப் பையன்கூடத் திருத்துவான்.

அப்புறம், ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்காருவது. பிரிட்டிஷ் ஓட்டக்காரர் கிறிஸ் பிராஷரைத் தெரியும் அல்லவா? 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில் முதலில் வந்தார், குறுக்கிட்டார் என்று தகுதிநீக்கம் செய்தார்கள், முறையிட்டுத் தங்கத்தைத் திரும்பப் பெற்றார். பிறகு அப்சர்வர் இதழின் விளையாட்டு ஆசிரியர். 1979இல் நியூயார்க் மாரத்தான் ஓடிவிட்டு வந்து, லண்டனால் இப்படி ஒன்றை நடத்த முடியுமா என்று அதே இதழில் எழுதினார். 1981இல் அவரும் நண்பர்களும் லண்டன் மாரத்தானை நடத்தியே காட்டினார்கள். அருமையான காரியம். ஆனால் தான் நடத்துகிற போட்டியைத் தானே எழுதும் நிலை உங்களுக்கு வந்தால், பேனாவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தட்டச்சும் பழகுங்கள், ராப்பணி போன்ற ஆட்களின் பொறுமை கால் மணி நேரம்தான்.

மெதுவோட்டக்காரன்:

பயிற்சியாளர் ஐயா, கதை இரண்டு வரி, அறிவுரை இருபது வரி. கேட்டவர் யார்?

நான் ஒலிப்பதிவுக்காரன். வர்ணனை அறையில் ஒரு முன்னாள் 5,000 மீட்டர்காரரோடு வேலை. முதல் பத்துச் சுற்றுகள் அமைதியாகப் பேசினார். பதினொன்றாவது சுற்றில் என் ஹெட்போனில் டக் டக் என்று ஒரு சத்தம். கம்பி பழுதென்று நினைத்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். மேசைக்கடியில் அவருடைய வலதுகால்! முன்னால் ஓடுபவரின் அடிக்கு அடி, தப்பாமல். கடைசிச் சுற்று மணி அடித்ததும் மூச்சும் சேர்ந்துகொண்டது. நேயர்களுக்கு இரண்டு பேர் ஓடுவதுபோலத்தான் கேட்டிருக்கும். இடைவேளையில் அவர் காலடியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டேன். அவர் கவனிக்கவேயில்லை. அடுத்த நாளும் போட்டேன்.

மியூனிக்கைப் பற்றி வாசகி சொன்னாரே, அதே மாரத்தானில் ஒரு போலி ஆள் அரங்கத்துக்குள் முதலில் ஓடிவந்தான். வர்ணனை அறையில் இருந்த எரிக் சீகல் நிருபர் அல்ல, பேராசிரியர், எழுத்தாளர். ஆனால் மாரத்தான் ஓடுபவர், அன்று வென்ற பிராங்க் ஷார்ட்டருக்குப் பாடம் நடத்தியவரும்கூட. அது பிராங்க் இல்லை என்று அவர் ஒலிபரப்பிலேயே கத்தினார். நடுநிலையெல்லாம் காற்றில் போயிற்று. எனக்கு அதுதான் பிடிக்கும்.

பெயர் வேண்டாம்:

இதுவரை எழுதிய எல்லோரும் எங்களை வெளியிலிருந்து பார்த்தவர்கள். நான் ஓடியவள், இப்போது எழுதுபவள். என்னை விடாத அனுபவத்தையும் வைக்கிறேன்.

ஊக்கமருந்துப் பரிசோதகர்கள் முன்னறிவிப்பின்றி வருவது உங்களுக்குத் தெரியும். நாளுக்கு ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால், ஊக்கமருந்து எதையும் தொடாமலே தடை வரும். என்னோடு ஒரே வீட்டில் தங்கி ஓடிய தோழிக்கு மூன்றாவது தவறு பதிவாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு அழைத்தாள். "நான் வீட்டில்தான் இருந்தேன். வாசல் மணி அடிக்கவில்லை. உனக்குத்தான் அந்த மணியைத் தெரியுமே. எழுது" என்றாள்.

தெரியும். பொத்தானை ஓரமாக, கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தினால்தான் ஒலிக்கும். நடுவில் அழுத்தினால் பொத்தான் உள்ளே போகும், சத்தம் வராது. நான் அங்கே இருந்த காலத்தில் சாவியை மறந்துவிட்டு எத்தனையோ முறை அந்த வாசலில் நின்றிருக்கிறேன். ஆனால் அன்று அவள் உள்ளே இருந்தாளா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பழைய பயிற்சியாளர்:

அம்மா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மணி பழுது என்பது விசாரணையில் எடுபடாது, சரிசெய்து வைப்பது ஓடுகிறவரின் பொறுப்பு என்பார்கள். இருந்தாலும் நீங்கள் சாட்சியாகப் போயிருக்க வேண்டும். சாட்சியாகப் போனால் செய்தி எழுதக் கூடாது. முதலில் செய்ய வேண்டியது என்னவென்றால்...

ராப்பணி:

ஐயா, அவரைப் பேசவிடுங்கள். மணியைப் பற்றி எழுதினீர்களா அம்மா?

பெயர் வேண்டாம்:

அன்றிரவே ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சரியாகத்தான் செய்தார், அந்தச் செய்தியிலிருந்து என்னை விலக்கி வேறொருவரிடம் கொடுத்தார். விசாரணைக் குழுவுக்கு மணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கடிதமாக அனுப்பினேன், அன்று அவள் எங்கே இருந்தாள் என்று தெரியாது என்பதையும் சேர்த்து. அந்தக் கடைசி வரிக்காக அவள் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. செய்தி எழுதியவர் கெட்டிக்காரர், ஆனால் ஓடியவர் அல்ல. விதி எண், தேதிகள், தடைக்காலம் எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. மணி பழுதென்று அவள் சொன்னதை அவர் எழுதவேயில்லை.