நாலு மாத சர்க்கார்

எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. பெயர்கள் என் போனில் பதிந்திருக்கிறபடி.

தம்பி: எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். கல்லூரியில் மாற்று வரலாற்றுக் கதைப் போட்டி. ‘இப்படி நடந்திருந்தால்?’ என்று எழுத வேண்டும். நான் ரஷ்யாவை எடுத்திருக்கிறேன். 1918-இல் வோல்கா கரையில் பிரிந்து நின்ற ஒரு ஜனநாயக அரசு, லெனினின் போல்ஷெவிக்குகளிடம் தோற்காமல் 1940 வரை தாக்குப்பிடிக்கிறது. இதில் எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

அம்மா: நேற்று நனைத்த உளுந்து அப்படியே கிடக்கிறது. முதலில் அதைப் பார்.

தம்பி: பத்து நிமிடம் அம்மா.

பெரியப்பா: அப்படி ஒரு அரசு நிஜமாகவே இருந்ததா, இல்லை முழுக்க உன் கற்பனையா?

தம்பி: இருந்தது பெரியப்பா. பெயர் கொமூச். ‘அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் குழு’ என்பதன் ரஷ்யச் சுருக்கம். தலைநகர் சமாரா. 1918 ஜூன் 8 முதல் அக்டோபர் 7 வரை.

அத்தை: சமாராவா? நம் பாப்பு டாக்டருக்குப் படிக்கிற ஊர் ஆயிற்றே! பாப்பு, எழுந்தாயா?

பாப்பு: இங்கே எட்டரைதான் அம்மா. எழுந்துவிட்டேன்.

அத்தை: சாப்பிட்டாயா?

பாப்பு: ஓட்ஸ். டேய், கொமூச் இருந்த வீடு எனக்குத் தெரியும். குயிபிஷெவ் தெருவில் தூண் வைத்த பழைய மாளிகை. நவூமோவ் வீடு என்பார்கள். வோல்கா பக்கம் நடக்கப் போகும்போது பார்ப்பேன். இப்போது அது பிள்ளைகளுக்கான கலை மையம். சாயங்காலம் போனால் அம்மாக்கள் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்கள், பிள்ளைகள் நடன வகுப்பு முடிந்து வருவார்கள்.

நான்: குயிபிஷெவ் யார்?

தம்பி: அதுதான் வேடிக்கை அக்கா. 1918-இல் சமாராவில் போல்ஷெவிக் தலைவர் அவர்தான். செக் படை வருகிறது என்றதும் ஊரை விட்டுப் போனவர். பிற்பாடு 1935-இல் ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள். 1991 வரை அது சமாரா இல்லை, குயிபிஷெவ்.

பெரியப்பா: ஓடினவன் பெயரில் ஊர். சரி, மேலே சொல்.

அத்தை: இருடா. அரசியல் நிர்ணய சபை என்றால் நம் அம்பேத்கர் காலத்துச் சபை மாதிரியா?

தம்பி: அதே வேலைதான் அத்தை. நம்முடையது ஏறக்குறைய மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியது. அவர்களுடையது ஒரே ராத்திரி. 1917 நவம்பரில் தேர்தல், பெண்களுக்கும் ஓட்டு. அதிக இடம் பிடித்தது சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி, அதாவது விவசாயிகள் கட்சி. போல்ஷெவிக்குகளுக்கு நாலில் ஒரு பங்கு ஓட்டுதான். 1918 ஜனவரி 18 அன்று அப்போதைய தலைநகர் பெத்ரொகிராதில் தவ்ரீதா அரண்மனையில் சபை கூடியது. விடிவதற்குள் ஒரு மாலுமி, ஷெலெஸ்னியாகோவ் என்று பெயர், சபைத் தலைவர் செர்னோவிடம் வந்து ‘காவலர்கள் களைத்துவிட்டார்கள், கலைந்து போங்கள்’ என்றார். போனார்கள். மறுநாள் கதவு பூட்டியிருந்தது.

பெரியப்பா: வாட்ச்மேனுக்குத் தூக்கம் வருகிறது என்று பார்லிமென்டை மூடியிருக்கிறார்கள்!

தம்பி: அந்த உறுப்பினர்களில் ஐந்து பேர்தான் சமாராவில் ஆட்சியைக் கையில் எடுத்தார்கள். தலைவர் வோல்ஸ்கி.

நான்: அப்படியானால் உன் முதல் ஓட்டை இதுதான். ‘பிரிந்து நின்ற நாடு’ என்கிறாய். அவர்கள் பிரியவே இல்லையே. மக்கள் ஓட்டுப் போட்ட சபை நாங்கள், முழு ரஷ்யாவுக்கும் சட்டப்படி அரசு நாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். தனி நாடு என்று நீ எழுதினால் அவர்கள் ஆட்சி செய்யும் காரணமே போய்விடும்.

தம்பி: ம்ம். குறித்துக்கொண்டேன். கதையில் முதல் பத்து வருடம் ‘நாங்கள்தான் ரஷ்யா’ என்று சொல்லிக்கொண்டே தனி நாடாக இருப்பார்கள்.

பெரியப்பா: அது சரி, ஐந்து பேர் எப்படி ஒரு ஊரைப் பிடித்தார்கள்? ஆள் யார், துப்பாக்கி யாருடையது?

தம்பி: செக் படை, பெரியப்பா. ஆஸ்திரிய ராணுவத்திலிருந்து ரஷ்யாவிடம் பிடிபட்ட செக், ஸ்லோவாக் சிப்பாய்களும் ஏற்கெனவே ரஷ்யாவில் குடியிருந்த செக்குகளும் சேர்ந்த படை. 40,000 பேருக்கு மேல். விளாடிவோஸ்டோக் போய்க் கப்பல் ஏறி, பிரான்சில் ஜெர்மானியருக்கு எதிராகச் சண்டை போடப் புறப்பட்டார்கள். நடுவழியில் ஆயுதத்தைக் கீழே வை என்று போல்ஷெவிக் ராணுவ அமைச்சர் த்ரோத்ஸ்கி உத்தரவு போட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

பெரியப்பா: இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. நான் 34 வருடம் ஸ்டேஷன் மாஸ்டர். இதை என்னிடம் கேள். அந்தப் படை பென்சாவிலிருந்து விளாடிவோஸ்டோக் வரை ரயிலிலேயே நீட்டமாகக் கிடந்திருக்கும். ரோடு இல்லாத நாட்டில் லைன் எவன் கையில் இருக்கிறதோ நாடு அவன் கையில். தண்ணீர் ஊற்றும் இடம், நிலக்கரி, தந்தி, பாலம், இந்த நாலைப் பிடித்தால் போதும். சிஸ்ரானில் வோல்கா மேல் ரயில் பாலம் இருக்கிறது, அதை மேப்பில் பார்த்தேன். அதையும் சமாரா ஸ்டேஷனையும் வைத்துக்கொண்டவன்தான் அங்கே ராஜா. ஆனால் ஒன்று. அந்தச் சிப்பாய்க்கு வீடு இருப்பது பிராகில். சமாராவுக்காக எத்தனை நாள் நிற்பான்?

தம்பி: அதேதான் நடந்தது. செப்டம்பரிலேயே சலித்துவிட்டார்கள். ஷ்வெத்ஸ் என்ற செக் கர்னல், தன் ஆட்கள் சண்டைக்குப் போக மாட்டோம் என்றதால் அக்டோபர் 25 அன்று தன்னையே சுட்டுக்கொண்டார். மூன்றே நாளில் பிராகில் செக்கோஸ்லோவாக்கியா விடுதலை அறிவிக்கப்பட்டது.

பாப்பு: ஐயோ.

அத்தை: மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா பாவி மனுஷன்.

அம்மா: பத்து நிமிடம் ஆயிற்று.

தம்பி: அம்மா, இப்போதுதான் தங்கம் வருகிறது!

அத்தை: தங்கமா?

தம்பி: 1918 ஆகஸ்ட் 7. கொமூச்சின் மக்கள் படை கசானைப் பிடித்தது. உலகப் போர் நேரத்தில் பாதுகாப்புக்காக ரஷ்யாவின் தங்க இருப்பில் பெரும் பகுதியைக் கசான் வங்கியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். சுமார் 65 கோடி ரூபிள் பெறும். எடை ஏறத்தாழ 500 டன். அத்தனையையும் படகில் ஏற்றிச் சமாராவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அத்தை: 500 டன்னா! நான் இருந்த கிளையில் நகைக்கடன் பெட்டகத்துக்கே சாவி இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் லீவு என்றால் கையெழுத்துப் போட்டுத்தான் இன்னொருவருக்கு மாறும். சண்டைக்கு நடுவில் 500 டன்னை யார் எண்ணி, யார் ஒப்புக்கொண்டார்கள்? அப்புறம் அது எங்கே போயிற்று?

தம்பி: சமாராவிலிருந்து ஊஃபா, அங்கிருந்து ஓம்ஸ்க். கடைசியில் அங்கே ஆட்சியைப் பிடித்த அட்மிரல் கொல்சாக் கையில். என் கதையில் அதை விடாமல் வைத்துக்கொண்டு ஜப்பானிடமும் பிரிட்டனிடமும் துப்பாக்கி வாங்குகிறார்கள். அங்கேதான் வரலாறு திரும்புகிறது.

பெரியப்பா: திரும்பாது. கப்பல் விளாடிவோஸ்டோக்கில் சரக்கை இறக்கினால் சமாரா எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரே லைன். அந்த நேரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி எத்தனை வாரம் எடுக்கும் என்று நினைக்கிறாய்? நடுவில் யார் யார் இருந்தார்கள்?

தம்பி: ஓம்ஸ்கில் இன்னொரு அரசு. சைபீரியத் தற்காலிக அரசு. அவர்களுக்கும் சமாராவுக்கும் சுங்கத் தகராறு. இந்தப் பக்கம் சரக்கை அந்தப் பக்கம் விடுவதில்லை.

பெரியப்பா: போச்சு. துப்பாக்கி ஓம்ஸ்கிலேயே இறங்கிவிடும். கூட்ஸ் ஷெட்டில் நான் பார்க்காததா.

அத்தை: அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் வாசித்துக் காட்டுகிறேன். அவர் சொல்வதை அப்படியே அடிக்கிறேன்.

அத்தை: தாத்தா கேட்கிறார்: ‘அந்த ஊரில் நிலம் யார் கையில் இருந்தது?’

தம்பி: தாத்தா, 1917-இலும் அடுத்த வசந்தத்திலும் குடியானவர்களே பண்ணைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். நிலம் இனி அவர்களுடையதுதான் என்று கொமூச்சும் ஒப்புக்கொண்டது. ஒரு சங்கடம் மட்டும். முந்தின குளிருக்கு முன்னால் விதைத்தவர்கள், பழைய பண்ணையார்கள் உட்பட, அந்தப் போகத்தை அறுத்துக்கொள்ளலாம் என்று ஜூலையில் ஒரு உத்தரவு போட்டார்கள்.

அத்தை: தாத்தா சிரிக்கிறார். ‘நிலம் உனக்கு, கதிர் அவனுக்கு. இதைச் சொன்னவன் வயலில் கால் வைத்தவனாக இருக்க மாட்டான்.’

தம்பி: பட்டாளத்துக்கு ஆள் எடுத்ததும் அதே நேரம் தாத்தா. முதலில் மூன்று மாத ஒப்பந்தத்தில் விருப்பப்பட்டு வருபவர்களைத்தான் சேர்த்தார்கள். ஆள் போதவில்லை. அதனால் ஜூன் முடிவில் 20, 21 வயதுப் பையன்களுக்குக் கட்டாயம் என்று உத்தரவு. ஊர் ஊராக வரவில்லை. வராத ஊர்களுக்குப் படை அனுப்பிப் பிடித்து வந்தார்கள். வந்தவர்களும் ஓடிப்போனார்கள்.

அத்தை: தாத்தா: ‘அறுப்பு நேரத்தில் 20 வயசுப் பையனைக் கேட்டால் எந்த வீட்டில் கொடுப்பான்? எதற்குப் போக வேண்டும்? நிலம்தான் கிடைத்தாயிற்றே. எனக்கு 500 டன் தங்கம் வேண்டாம், அறுப்புக்கு நாலு ஆள் வேண்டும்.’

நான்: தம்பி, உன் கதையில் இது எங்கே இருக்கிறது?

தம்பி: இல்லை அக்கா. கதையில் தங்கமும் பாலமும்தான் இருக்கின்றன. கிராமமே இல்லை.

பாப்பு: ஓட்டுப் போட்டவர்கள் பூராவும் கிராமத்தில்தானே இருந்தார்கள்?

நான்: இன்னொன்று. இவர்களை ரொம்ப நல்லவர்களாக எழுதாதே. சிவப்புக் கொடி பறந்ததால் ராணுவ அதிகாரிகளுக்கு அந்த அரசைப் பிடிக்கவில்லை. கொடிக்குக் கீழே அந்த அதிகாரிகளே நின்றதால் தொழிலாளிக்கும் பிடிக்கவில்லை. அப்புறம் சமாரா சிறை. பின்வாங்கும்போது கைதிகளைச் சரக்குப் பெட்டியில் அடைத்துக் கிழக்கே அனுப்பினார்கள். வழியில் பசியிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். அதையும் ஜனநாயக அரசுதான் செய்தது.

பெரியப்பா: சரக்குப் பெட்டியில் ஆளா. கேட்கவே வயிற்றைப் பிசைகிறது.

தம்பி: அதுவும் எழுதுகிறேன்.

பாப்பு: சமாரா எப்படி விழுந்தது? இங்கே யாரும் பேசுவதில்லை.

தம்பி: ஆகஸ்ட் 30 அன்று லெனினைச் சுட்டார்களே, அவர் பிழைத்தார். அவர் பிறந்த ஊர் சிம்பீர்ஸ்க், அதையும் கொமூச் படை ஜூலையில் பிடித்து வைத்திருந்தது. செப்டம்பர் 10-இல் கசான் போயிற்று. 12-இல் சிம்பீர்ஸ்க். அங்கிருந்து போல்ஷெவிக்குகளின் செஞ்சேனை லெனினுக்குத் தந்தி அடித்தது: உங்கள் ஊரைப் பிடித்தது உங்கள் ஒரு காயத்துக்குப் பதில், இரண்டாவது காயத்துக்குச் சமாரா. அக்டோபர் 7 அன்று சமாரா.

அத்தை: தாத்தாவுக்கு வாசித்தேன். ‘கணக்குப் போட்டு அடித்திருக்கிறான்’ என்கிறார்.

நான்: அந்த உறுப்பினர்கள்?

தம்பி: செப்டம்பரில் ஊஃபாவில் போல்ஷெவிக்குகளுக்கு எதிரான அரசுகள் கூடி ஐந்து பேர் கொண்ட ஆட்சிக்குழு ஒன்றை அமைத்தார்கள். அது ஓம்ஸ்குக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்க இடம் கொடுக்கவில்லை. முதலில் ரயில் பெட்டியிலேயே குடியிருந்தார்கள்.

பெரியப்பா: யார்டில் பெட்டி நிறுத்தி அதற்குள் ஒரு சர்க்கார்! இதை எழுதாமல் விடாதே.

தம்பி: நவம்பர் 17 ராத்திரி, 18 விடிவதற்குள், அவர்களில் இருவரைக் கொசாக் அதிகாரிகள் கைது செய்தார்கள். அட்மிரல் கொல்சாக் உச்ச ஆட்சியாளர். அரசியல் நிர்ணய சபை ஆட்களில் சிலரை டிசம்பரில் ஓம்ஸ்கில் சிறையிலிருந்து கூட்டிப்போய் இர்தீஷ் ஆற்றங்கரையில் கொன்றார்கள். அவர்களைக் கொன்றது போல்ஷெவிக்குகள் இல்லை, இந்தப் பக்கத்து ஆட்கள்தான். வோல்ஸ்கி போல்ஷெவிக்குகளிடம் சமாதானம் பேசித் திரும்பினார். 1937-இல் சுட்டார்கள். ஐவரில் ஃபொர்துனாதோவ் என்று ஒருவர். அவர் விலங்கியல்காரர். அரசியலை விட்டு உக்ரைனில் அஸ்கானியா-நோவா காப்பகத்தில் காட்டெருமை வளர்க்கப் போனார். அவரையும் 1930-களில் பிடித்தார்கள், முகாமில் இறந்தார்.

அத்தை: காட்டெருமை வளர்த்தவரைக்கூட விடவில்லையா?

பெரியப்பா: தம்பி, கதையைக் காப்பாற்ற ஒரே ஒரு வழி சொல்கிறேன். துப்பாக்கியை உள்ளூரிலேயே செய்கிற ஊர் ஏதாவது அந்தப் பக்கம் இருந்ததா?

தம்பி: இருந்தது! இஷெவ்ஸ்க். ஆயுதத் தொழிற்சாலை ஊர். 1918 ஆகஸ்டில் அங்கே தொழிலாளிகளே போல்ஷெவிக்குகளுக்கு எதிராக எழுந்தார்கள். கொமூச் பக்கம் நின்றார்கள். நவம்பர் 7 வரை தனியாகத் தாக்குப்பிடித்தார்கள்.

பெரியப்பா: அப்படிச் சொல். தன் ஊருக்காகத் தானே துப்பாக்கி செய்து தானே சுடுகிறவன். தங்கத்தை விடு, அந்த ஊரிலிருந்து ஆரம்பி. சமாராவுக்கும் இஷெவ்ஸ்குக்கும் நடுவில் தொடர்பு எப்படி என்று பார்த்துச் சொல். ஆறா, லைனா?

தம்பி: ஆறு பெரியப்பா. இஷெவ்ஸ்குக்குப் பக்கத்தில் காமா. அது வோல்காவில் வந்து சேருகிறது.

பெரியப்பா: குளிர்காலத்தில் உறையும். நவம்பருக்குள் முடிக்க வேண்டும்.

அத்தை: தாத்தா ‘பையன்களுக்கு அறுப்பு முடியும் வரை விடுப்பு கொடுக்கச் சொல், அப்புறம் கூப்பிட்டால் வருவான்’ என்கிறார்.

நான்: அறுப்பு முடிகிற வரை செஞ்சேனை காத்திருக்குமா தாத்தா?

அத்தை: பதில் இல்லை. யோசிக்கிறார்.

தம்பி: முதல் வரியை மாற்றிவிட்டேன். ‘ஆணை வந்தபோது வீட்டில் மூத்தவன் வயலில் இருந்தான், அம்மா தாளை வாங்கி அடுப்பில் வைத்தாள்.’

அம்மா: அடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. உளுந்து.

தம்பி: போகிறேன் போகிறேன்.

அத்தை: பாப்பு, தாத்தா கேட்கிறார். அந்த ஊரில் கோதுமை அறுக்க நம் கருக்கரிவாள் மாதிரியா, வேறா?

பாப்பு: இரண்டும் உண்டு தாத்தா. சின்ன அரிவாளும் இருக்கிறது. ஆள் உயரக் கம்பில் நீளமான கத்தி பூட்டினதும் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் பார்த்தேன். நின்றுகொண்டே வீசி அறுப்பார்களாம்.

அத்தை: தாத்தா: ‘குனியாமலா? கதிர் சிந்தாதா?’