புதுப்பிப்பு: டிக்கை எடுத்தும் திரும்பி வந்த அவுட்லுக் ஆட்-இன்

முந்தைய பதிவின் சுருக்கம்: கிளாசிக் அவுட்லுக் (மைக்ரோசாஃப்ட்டின் பழைய டெஸ்க்டாப் மின்னஞ்சல் மென்பொருள்) திறக்கும்போதே ஹேங் ஆகிறது, சேஃப் மோடில் (ஆட்-இன்கள், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்கள், இல்லாமல் திறக்கும் முறை: விண்டோஸ் விசை + ஆர், பிறகு 'அவுட்லுக்.எக்ஸ்இ /சேஃப்') ஒழுங்காகத் திறக்கிறது. ஆக, சந்தேகம் ஒரு பிடிஎஃப் ஆட்-இன் மேல்.

சந்தேகம் சரிதான். ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் இடம்) அப்ளிகேஷன் லாகைத் திறந்து, அவுட்லுக் பதிந்த 45-ஆம் எண் நிகழ்வைப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்-இன்னும் லோட் ஆக எத்தனை மில்லி செகண்ட் எடுத்தது என்று அதில் இருக்கும். ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஃபைல் > ஆப்ஷன்ஸ் > ஆட்-இன்ஸ் போய், கீழே 'காம் ஆட்-இன்ஸ்' (கிளாசிக் அவுட்லுக்கில் ஓடும் ஆட்-இன் வகை) தேர்ந்து 'கோ' அழுத்தி, அந்த ஆட்-இன் பெயருக்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்தால் பொதுவாக வேலை முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. காரணம், அந்த ஆட்-இன் கணினியின் எல்லாப் பயனர்களுக்குமாக நிறுவப்பட்டது. அதன் பதிவு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்), கணினி முழுவதற்குமான லோக்கல் மெஷின் பகுதியில் இருக்கிறது. சாதாரண உரிமையில் அதை மாற்ற முடியாது. அவுட்லுக்கை முழுதாக மூடி (டாஸ்க் மேனேஜரிலும் பாருங்கள், பின்னணியில் ஒளிந்திருக்கும்), 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து டிக்கை எடுத்தால் அந்த மாற்றம் நிலைக்கும். 'ரிமூவ்' பொத்தானைத் தொடவேண்டாம். பின்னால் தேவைப்பட்டால் மறுபடி சேர்ப்பது தலைவலி.

ரெஜிஸ்ட்ரியில் சரிபார்க்க விரும்பினால், அந்த ஆட்-இன்னின் 'லோட் பிஹேவியர்' மதிப்பு 3 என்றால் தொடக்கத்திலேயே லோட் ஆகும்; 2 அல்லது 0 என்றால் தானாக ஆகாது.

பிடிஎஃப் மென்பொருளை அப்டேட் செய்தால் மதிப்பு மீண்டும் 3 ஆகக்கூடும். நிரந்தரமாகப் போகவேண்டுமா? அதன் இன்ஸ்டாலரில் 'மாடிஃபை' கொடுத்து, அவுட்லுக் பகுதியை மட்டும் நீக்கப் பாருங்கள்.

புதிய அவுட்லுக்குக்கு இதெல்லாம் பொருந்தாது; அதில் காம் ஆட்-இன்களே ஓடாது.