ஒரு தடவை அழுத்தினால் இன்டரப்ட் பல தடவை ஓடுகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் புஷ் பட்டன் அழுத்துவதை எண்ணப் பார்க்கிறேன். பட்டனின் ஒரு கால் 2ஆம் பின்னில், இன்னொரு கால் கிரவுண்டில். பின் மோட் வெறும் இன்புட், வெளியே ரெசிஸ்டர் எதுவும் இல்லை. இன்டரப்ட் (பின்னின் நிலை மாறியதும் ஓடும் வேலையை நிறுத்தி ஒரு தனி ஃபங்ஷனை ஓடவைக்கும் வசதி) ஃபாலிங்கில், அதாவது பின் 5 வோல்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு இறங்கும்போது ஓடும்படி வைத்திருக்கிறேன். பட்டனைத் தொடக்கூட வேண்டாம், வயர் பக்கம் கையைக் கொண்டுபோனாலே எண் ஏறுகிறது. அழுத்தினால் ஒன்றுக்குப் பதில் 3, 5, ஒரு தடவை 11 கூட ஏறியது. ஐஎஸ்ஆருக்குள் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் அந்த ஃபங்ஷன்) 50 மில்லிசெகண்ட் டிலே போட்டும் மாற்றமில்லை. வேறு பட்டனும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பதில் 1:
பட்டன் மேல் தப்பில்லை. கை கொண்டுபோனால் ஏறுவதற்குக் காரணம் பின் அந்தரத்தில் தொங்குவதுதான். பட்டன் திறந்திருக்கும்போது அந்தப் பின் 5 வோல்ட்டிலும் இல்லை, கிரவுண்டிலும் இல்லை, அதனால் வயர் ஆன்டெனா மாதிரி சுற்றியுள்ள இரைச்சலை எல்லாம் பிடிக்கிறது. இன்புட் புல்லப் என்று மாற்றுங்கள். சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான ரெசிஸ்டர் இருக்கிறது, அது பின்னை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அழுத்தினால் லோ (கிரவுண்ட்), விட்டால் ஹை (5 வோல்ட்) என்று வரும். வயர் நீளம் என்றால் வெளியே 4.7 கிலோ ஓம் போடுவது நல்லது. நாலு கால் பட்டன் என்றால் குறுக்கு மூலையில் இருக்கும் இரண்டு கால்களை எடுங்கள், மற்ற ஜோடிகளில் ஒன்று உள்ளேயே சேர்ந்திருக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் 3, 5, 11 அதில் தீராது. அது பவுன்ஸ். உள்ளே இருக்கும் தகடு போய் மோதியதும் சில மில்லிசெகண்ட் துள்ளித் துள்ளித்தான் நிற்கும், ஒவ்வொரு துள்ளலும் இன்டரப்டுக்கு ஒரு புது அழுத்தம். ஐஎஸ்ஆருக்குள் டிலே போடவே கூடாது. டிலே நம்பியிருக்கும் டைமர் இன்டரப்ட் அப்போது ஓடாது. சரி, ஓடினாலும், நடுவில் வரும் எட்ஜை (ஹை, லோ மாறும் தருணம்) சிப் ஃபிளாகில் (ஒரு குறிப்பு பிட்) குறித்து வைத்துக்கொண்டு ஐஎஸ்ஆர் முடிந்ததும் மறுபடி அழைக்கும்.

கடைசி அழுத்தத்திலிருந்து 30 மில்லிசெகண்ட் ஆகியிருந்தால்தான் எண்ணு என்று ஐஎஸ்ஆரிலேயே எழுதுபவர்கள் நிறைய. நானும் வெகுநாள் அப்படித்தான் எழுதினேன். பட்டனை ஒரு செகண்ட் அழுத்திப் பிடித்து விட்டுப் பாருங்கள், விடும்போதும் தகடு துள்ளும், அதிலும் ஃபாலிங் எட்ஜ் உண்டு, 30 மில்லிசெகண்ட் எப்போதோ தாண்டியிருக்கும், ஆக விட்டதையும் அழுத்தியதாக எண்ணிவிடும். அதனால் ஃபாலிங்குக்குப் பதில் சேஞ்ச் (ஏறினாலும் இறங்கினாலும் இன்டரப்ட்) வையுங்கள். ஐஎஸ்ஆர் மில்லிஸ் நேரத்தை (போர்டு தொடங்கியதிலிருந்து ஆன மில்லிசெகண்ட்) ஒரு வோலடைல் மாறியில் (எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் மாறி) குறிக்கட்டும், அதோடு அதன் வேலை முடிந்தது. லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைப் பகுதி), கடைசி எட்ஜ் வந்து 20 மில்லிசெகண்ட் அமைதியாகக் கழிந்திருந்தால் பின்னைப் படியுங்கள். முன்பு ஹை, இப்போது லோ என்றால் மட்டும் எண்ணுங்கள். அந்த நேர மாறி 4 பைட், சிப்போ 8 பிட், பாதி படிக்கும்போதே இன்டரப்ட் வந்து மாற்றிவிடலாம். ஆகவே நோ இன்டரப்ட்ஸ் போட்டு இன்டரப்டை நிறுத்தி, நகல் எடுத்து, உடனே திறந்துவிடுங்கள்.

பதில் 3:
கையால் அழுத்தும் பட்டனுக்கு இன்டரப்டே தேவையா என்று ஒரு தடவை யோசியுங்கள். லூப் எங்கேயும் மாட்டிக்கொள்ளாமல் ஓடினால், 5 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பின்னைப் படித்தாலே போதும், விரல் அவ்வளவு வேகம் கிடையாது. தூங்கும் சிப்பை எழுப்ப வேண்டும் என்றால்தான் பட்டனுக்கு நான் இன்டரப்ட் வைப்பேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்புட் புல்லப் போட்டதுமே கை பட்டு ஏறுவது நின்றுவிட்டது. முதலில் 30 மில்லிசெகண்ட் வழியையும் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே அழுத்திப் பிடித்து விட்டால் சில சமயம் 2 ஏறியது. சேஞ்சுக்கு மாற்றி லூப்பில் எண்ணியபின் வேகமாகவும், பாதியில் நிறுத்தி நிறுத்தியும் 100 தடவை அழுத்தினேன், சரியாக 100 வந்தது. பேட்டரியில் ஓட்டும் எண்ணம் இருப்பதால் இன்டரப்டை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.