பனியுகக் கடல் இன்றைவிடச் சூடா? மெக்னீசியம் கணக்கில் எங்கே தவறு?

கடலடி:
வணக்கம். வெப்பமண்டலக் கடலடியில் எடுத்த ஒரு வண்டல் கோரில் (குழாய் இறக்கி எடுத்த படிவத் தூணில்) வேலை செய்கிறேன். குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்ற மிதக்கும் நுண்ணுயிரியின் சுண்ணாம்பு ஓடுகளை 250–355 மைக்ரான் அளவில் பொறுக்கி, மெக்னீசியம்/கால்சியம் விகிதம் பார்த்தேன். மேல்மட்ட மாதிரியில் 4.6 மில்லிமோல்/மோல். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுக உச்ச மாதிரியில் 5.5. கடல் சூடானால் இந்த விகிதம் கூடும்; டிகிரிக்கு 9 சதவீதம் என்று வைத்தால் அன்றைய கடல் 2 டிகிரி சூடாக இருந்ததாக வருகிறது! ஆனால் அதே ஓடுகளில் கனமான ஆக்சிஜன்-18 1.6 பெர்மில் (ஆயிரத்தில் 1.6 பங்கு) கூடியிருக்கிறது. அது குளிரைக் காட்டுகிறது. எதை நம்புவது? இரண்டு மாதமாக இங்கேயே நிற்கிறேன். ஓடுகள் கரைந்திருக்குமோ?

நுண்ணோக்கி:
கரைந்திருந்தால் விகிதம் இறங்கியிருக்கும். மெக்னீசியம் மிகுந்த பகுதிதான் முதலில் கரையும். எனக்குக் களிமண் மேல்தான் சந்தேகம். அதிலும் மெக்னீசியம் உண்டு, கூடவே அலுமினியமும் இரும்பும் இருக்கும். அலுமினியம், இரும்பு அளந்தீர்களா? ஓடுகளை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?

கடலடி:
முழு ஓடுகளாகவே நீரில் அலசி, அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வு) தொட்டியில் வைத்தேன். இப்போதுதான் பழைய அளவீட்டைத் திறந்து பார்த்தேன்: பனியுக மாதிரிகளில் அலுமினியம் ஏறும் இடத்திலெல்லாம் மெக்னீசியமும் ஏறுகிறது.

நுண்ணோக்கி:
அதுதான் காரணம். ஓட்டின் உள்ளறைகளில் அடைந்த களிமண் முழு ஓட்டிலிருந்து வெளியே வராது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். அறைகள் திறந்தால் போதும், பொடியாகிவிடக் கூடாது. அப்புறம் தூய நீர், அல்ட்ராசோனிக். துண்டுகள் அடியில் உட்காரச் சில நொடிகள் போதும். களிமண் மேலே பால்போல் மிதக்கும், அதை உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். காத்திருந்தால் திரும்பப் படிந்துவிடும். நீர் தெளியும்வரை இதையே செய்து, பிறகு மெத்தனாலில் அலசுங்கள். நீரைவிடப் பிசுபிசுப்பு குறைவு என்பதால் ஒட்டியதையும் கிளப்பும். கரிமப் பொருளுக்குச் சூடான பெராக்சைடு, கடைசியில் மிக மென்மையான அமிலக் கழுவல். இரும்பு/மெக்னீசியம் 0.1 மோல்/மோலைத் தாண்டும் மாதிரியைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

அலைவரி:
ஆக்சிஜன் பக்கத்தையும் பாருங்கள். 1.6 முழுவதும் குளிர் அல்ல. பனிப்பாளங்கள் இலேசான ஆக்சிஜன்-16ஐக் கூடுதலாகப் பிடித்துவைத்ததால் கடல் நீரே ஏறக்குறைய 1 பெர்மில் கனத்திருந்தது. 1955இல் ஆய்வாளர் எமிலியானி இந்த ஆக்சிஜன் மாற்றத்தின் பெரும்பகுதியை வெப்பநிலைக்குக் கொடுத்தார். 1967இல் இன்னொரு ஆய்வாளர் ஷேக்கிள்டன் அதில் பனியின் பங்கே பெரிது என்று காட்டினார். மீதி 0.6ஐ டிகிரிக்கு 0.22 என்று வகுத்தால் 2.7 டிகிரி. உள்ளூர் உப்புத்தன்மை மாறியிருந்தால் இதுவும் நகரும். அதனால்தான் மெக்னீசியம் சுத்தமாக வருவது முக்கியம்.

கடலடி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். மேல்மட்ட மாதிரியையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே முறையில் மறுபடி சுத்தம் செய்தேன். முதல் அலசலில் பனியுகக் குப்பி முழுக்க வெண்மையாகக் கலங்கியது. இத்தனை களிமண் உள்ளே இருந்ததா என்று திகைத்துப்போனேன். இப்போது மேல்மட்டம் 4.5, பனியுகம் 3.7. கிட்டத்தட்ட 2.2 டிகிரி குளிர். அலுமினியத்தோடு இருந்த தொடர்பும் போய்விட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு மாதிரிகளில் இரும்பு இன்னும் அதிகமாக இருக்கிறது, அவற்றை வரைபடத்தில் சேர்க்கவில்லை.